வெப்சைட் முழம் என்ன விலை?

மல்லிகைப் பூவுக்கு முழம் இருக்கிறது. தங்கத்துக்குக் கிராம். பாலுக்கு லிட்டர். ஆட்டோவுக்குக்கூட மீட்டர் இருக்கிறது. ஓடாது, அது வேறு விஷயம். சாஃப்ட்வேருக்கு என்ன இருக்கிறது?

இப்படிக் கேட்டவர் என் நண்பனின் பெரியப்பா. பழகிப் பழகி எனக்கும் பெரியப்பா. ஓரிக்கையில் வீடு. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் சாலையில் போனால், பஸ் பணிமனை, மணிமண்டபம், அதற்கப்பால் பாலாறு (தண்ணீர் இருக்கும்போது). பெரியப்பாவுக்குப் பட்டுச் சேலை வியாபாரம். பத்துப் பன்னிரண்டு தறிக்காரர்களுக்குப் பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுத்து, நெய்து வாங்கி விற்கிறவர். என் பிழைப்பு, சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் ஆபீசில் எஸ்டிமேட் போடுவது. அதனால்தான் கேள்வி என்னிடம் வந்தது.

"மூணு பேர்கிட்ட கேட்டேன் தம்பி. ஒருத்தன் பதினஞ்சாயிரம்ன்றான். இன்னொருத்தன் ஒரு லட்சத்து எண்பதாயிரம், ஜி.எஸ்.டி. தனின்றான். மூணாவது ஒரு அம்மா. விலையே சொல்ல மாட்டேன்றாங்க. மொதல்ல பத்து நாள் உக்காந்து பேசணுமாம், அதுக்கு இருபதாயிரமாம். பேசறதுக்கு இன்னாய்யா காசு? நீ இத்தினி வருஷமா என்கூட பேசறியே, எவ்ளோ பாக்கி வெச்சிருக்கேன் உனக்கு?"

நியாயமான கேள்வி. ஒரே வெப்சைட். 15,000-க்கும் 1,80,000-க்கும் நடுவில் 12 மடங்கு. கத்தரிக்காயில் இப்படி நடந்தால் மார்க்கெட்டில் அடிதடி ஆகிவிடும்.

ஓரிக்கை என்ற பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். கணிகண்ணனைப் பல்லவ ராஜா நாடு கடத்தினாராம். குரு திருமழிசை ஆழ்வாரும் கூடவே கிளம்ப, பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே வர, மூவரும் ஒரே ஓர் இரவு தங்கிய இடம் இது. ஓரிரவு இருக்கை, ஓரிக்கை. சாஃப்ட்வேர் வாங்க வருகிறவர்கள் எல்லோருமே ஒரு விதத்தில் ஓரிக்கைக்காரர்கள்தான். "ஒரு நைட் உக்காந்தா முடிஞ்சிடும்ல தம்பி?"

* * *

சாஃப்ட்வேருக்கு விலை என்று ஒன்று தனியாக வந்ததே ரொம்பப் பிந்தித்தான். அந்தக் காலத்தில் ஐ.பி.எம். கம்பெனி அறை நிறையக் கம்ப்யூட்டரை வாடகைக்கும் விலைக்கும் கொடுத்தது. அதை ஓட்டும் புரோகிராம்கள் கூடவே வரும், இனாம். தறி வாங்கினால் நெசவு இலவசம் என்கிற மாதிரி. 1969 ஜூன் 23 அன்றுதான் ஐ.பி.எம். இனிமேல் இது வேறு, அது வேறு, தனித்தனி பில் என்று அறிவித்தது. அன்றிலிருந்து உலகம் முழுவதும் எஸ்டிமேட் போடுகிறவர்களுக்குத் தூக்கம் போயிற்று.

முதலில் வரிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தார்கள். ஆயிரம் வரி புரோகிராமுக்கு இத்தனை நாள், இத்தனை டாலர். இதில் ஒரு சிக்கல். பத்து வரியில் முடிப்பவன் கெட்டிக்காரன், நூறு வரியில் இழுப்பவன் பணக்காரன். மேடைப் பேச்சாளருக்கு வார்த்தைக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு, பிறகு கூட்டம் ஏன் முடியவில்லை என்று வாட்சைப் பார்க்கிற கதை.

1979-ல் அதே ஐ.பி.எம்.மின் ஆலன் ஆல்பிரெக்ட் வேறு அளவுகோல் கொண்டுவந்தார். எத்தனை வரி எழுதினாய் என்பதை விடு, வாங்குகிறவருக்கு என்ன கிடைக்கிறது என்று எண்ணு என்றார். உள்ளே எத்தனை விவரம் போகிறது, வெளியே எத்தனை வருகிறது, எத்தனை கேள்விக்குப் பதில் சொல்கிறது, எத்தனை கோப்புகள், வேறு எத்தனை சிஸ்டத்தோடு கை கோக்கிறது. இந்த ஐந்தையும் எண்ணி மார்க் போடுவது. ஃபங்க்ஷன் பாயிண்ட் என்று பெயர். பெரிய கம்பெனிகளில் இன்னமும் இதைச் செய்கிறார்கள்.

1981-ல் பாரி போம் என்பவர் 63 பழைய புராஜெக்ட்டுகளின் கணக்கைக் கிளறி, சூத்திரமே போட்டுப் புத்தகம் எழுதினார். அவர் சொன்ன பல விஷயங்களில் ஒன்று மட்டும் நமக்குப் போதும். ஒரு வேலையின் ஆரம்பத்தில், என்ன வேண்டும் என்பதே சரியாகத் தெரியாத நிலையில் போடும் எஸ்டிமேட், நிஜத்தில் ஆவதைவிட நாலு மடங்கு கூடவும் இருக்கலாம், நாலில் ஒரு பங்காகவும் இருக்கலாம்.

அதாவது நிஜத்தில் ஒரு லட்சம் ஆகக்கூடிய வேலைக்கு, யோக்கியமான இரண்டு ஆசாமிகள் 25,000 என்றும் 4 லட்சம் என்றும் சொல்லலாம். இரண்டு பேருமே திருடர்கள் இல்லை. 16 மடங்கு வித்தியாசம், விஞ்ஞான பூர்வமாக. பெரியப்பாவின் 12 மடங்கு அதற்குள் அடக்கம்.

* * *

"அதெப்படி? என்கிட்ட ஒரு சேலை இன்னா விலைன்னு கேட்டா கண்ண மூடிக்கினு சொல்லுவேனே" என்றார் பெரியப்பா.

சொல்வார். பட்டு எத்தனை கிராம், ஜரிகை எத்தனை கிராம், கூலி எவ்வளவு, அதன்மேல் தன் லாபம். மனசுக்குள்ளேயே கூட்டிவிடுவார். ஏனென்றால் அதே மாதிரிச் சேலையை இதற்கு முன் ஆயிரம் முறை நெய்து வாங்கியிருக்கிறார்.

"சரி, இதுவரைக்கும் யாரும் நெய்யாத சேலை. கரை என்ன கலர்னு பாதி நெய்யும்போதுதான் சொல்வேன். முந்தானையில என் பேத்தி படம் வரணும். பிடிக்கலைன்னா பிரிச்சுட்டு மறுபடி நெய்யணும். இப்ப விலை சொல்லுங்க."

பெரியப்பா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "அந்த மாரி ஆளுங்களுக்கு நான் சேலை தர்றதில்ல" என்றார்.

அங்கேதான் இருக்கிறது விஷயம். கடையில் மாட்டியிருக்கும் ரெடிமேட் சட்டைக்கு விலைச் சீட்டு உண்டு. வெப்சைட்டிலும் ரெடிமேட் இருக்கிறது. நாலு பக்கம், பத்து போட்டோ, போன் நம்பர், கடைக்கு வழி காட்டும் மேப். யாரோ செய்து வைத்த அச்சில் உங்கள் பெயரைப் போட்டு ஏற்றுவது. அதற்கு 15,000 தாராளமாகப் போதும். அதற்கு மேல் கேட்பவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

ஆனால் பெரியப்பா கேட்டது அது இல்லை. அவர் கேட்டதை அவர் வாயாலேயே எழுதிப் பார்த்தேன். வாங்குகிறவர் உடல் கலர், கரை கலர், முந்தானை கலர் மூன்றையும் தானே பொறுக்கி, சேலை எப்படி இருக்கும் என்று திரையில் பார்க்க வேண்டும். ஆர்டர் கொடுத்தால் எந்தத் தறியில் ஏறியிருக்கிறது, எவ்வளவு நெய்தாகிவிட்டது என்று தெரிய வேண்டும். முன்பணம் கட்ட வேண்டும். வெளிநாட்டுக்குக் கூரியர் கட்டணம் தானே கணக்காக வேண்டும். ஜி.எஸ்.டி. பில் வர வேண்டும். தறிக்காரர் கூலிக் கணக்கும் அதிலேயே வந்துவிட்டால் தேவலை.

இதற்குள் எத்தனை கேள்வி ஒளிந்திருக்கிறது பாருங்கள். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனி நிறம். மூன்று நாடா ஓட வேண்டும், உதவிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். எல்லாக் கலர் ஜோடியையும் நெய்ய முடியுமா, சிலவற்றைத் தடுக்க வேண்டுமா? ஒரு பாவில் மூணு நாலு சேலை வரும். ஒருத்தி மட்டும் கேட்கும் கலருக்கு முழுப் பாவு போடுவதா? மிச்சச் சேலை யார் தலையில்? நெய்தாகிவிட்ட அளவைத் தினமும் யார் வந்து பதிவது, தறிக்காரரா, அவர் மகளா? ஆர்டரை ரத்து செய்தால் முன்பணம் திரும்புமா? திரையில் தெரியும் மாம்பழ மஞ்சள் நேரில் எலுமிச்சையாக இருந்தால்?

புரோகிராம் எழுதுவது இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் கண்டுபிடித்த பிறகு நடக்கும் டைப்பிங். இன்றைக்கு ஏ.ஐ. வந்து அந்த டைப்பிங்கில் பெரும் பங்கைக் காபி ஆறுவதற்குள் செய்து கொடுக்கிறது. "அப்ப விலையப் பாதியாக் கொறை" என்று இப்போதெல்லாம் வருகிறவர்கள் அத்தனை பேரும் கேட்கிறார்கள். டைப்பிங் விலையைக் குறைக்கலாம், சந்தோஷமாக. மிச்சப் பாவு யார் தலையில் என்பதை ஏ.ஐ.யிடம் கேட்டால் அழகான பதிலாகச் சொல்லும். ஆனால் அந்தப் பாவுக்குக் காசு கொடுக்கப்போவது அது இல்லை.

அந்த அம்மாள் 20,000 கேட்டது பேசுவதற்கு இல்லை, இந்தக் கேள்விகளைக் கண்டுபிடிப்பதற்கு.

* * *

"அதெல்லாம் ஒரு பேப்பர்ல கறாரா எழுதி வாங்கிட்டா முடிஞ்சுது" என்று சொல்கிறவர்கள் உண்டு. பேப்பர் என்ன பேப்பர், கல்லில் எழுதினாலும் மாறும். அத்தாட்சி இதே சாலையின் கடைசியில் இருக்கிறது.

உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டு பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். முதலாம் பராந்தக சோழன் காலம். ஊர் வாரியத்துக்கு யார் நிற்கலாம், யார் கூடாது, 30 குடும்புகளிலிருந்து எப்படி ஓலை எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுப்பது என்று எல்லாம் விவரமாக வெட்டியிருக்கிறார்கள். நம் தொழில் பாஷையில் சொன்னால், அது ஒரு முழுமையான ஸ்பெசிஃபிகேஷன். பெரிய பெரிய கம்பெனிகளில்கூட அவ்வளவு சுத்தமாக எழுதி நான் பார்த்ததில்லை.

பலருக்குத் தெரியாதது, அங்கே இருப்பது ஒரு கல்வெட்டு அல்ல, இரண்டு என்பது. 919-ல் ஒன்று, 921-ல் இன்னொன்று. முதலாவதில் வயது 30-க்கு மேல் 60-க்குள் என்று இருந்தது. இரண்டே வருஷத்தில் 35-க்கு மேல் 70-க்குள் என்று திருத்திவிட்டார்கள். நடைமுறையில் போட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்திருக்கிறது, முதல் விதி சரிப்படவில்லை என்று. ஆக, கல்லில் வெட்டிய ஸ்பெசிஃபிகேஷனுக்கே இரண்டு வருஷத்தில் சேஞ்ச் ரிக்வெஸ்ட்! வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக வரும் ஸ்பெசிஃபிகேஷன் இரண்டு நாள் தாங்கினால் அதிர்ஷ்டம்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் வழக்குக் கோப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு சாஃப்ட்வேர் செய்யச் சொல்லி, என்ன வேண்டும் என்பதை மாற்றிக்கொண்டே இருந்து, சுமார் 17 கோடி டாலர் செலவான பிறகு 2005-ல் மொத்தத்தையும் கைவிட்டது. துப்பறிகிறவர்களுக்கே தங்களுக்கு என்ன வேண்டும் என்று துப்புத் துலக்க முடியவில்லை.

* * *

மாறத்தான் போகிறது என்றால், மாறும்போது ஆகிற செலவு யாருடையது? கஸ்டம் சாஃப்ட்வேரின் விலை என்பது கடைசியில் இந்த ஒரு கேள்விதான். விலை பேசும் முறை மூன்றும், இந்தக் கேள்விக்கு மூன்று பதில்கள்.

ஒன்று, மொத்த விலை. ஃபிக்ஸட் பிரைஸ். என்ன ஆனாலும் 1,80,000. எதிர்பாராதது வந்தால் செய்கிறவர் தலையில். அதனால் விவரம் தெரிந்தவர் அதற்கும் சேர்த்து முன்கூட்டியே ஏற்றிச் சொல்வார். விவரம் தெரியாதவர் 15,000 சொல்வார்.

இரண்டு, மணிக்கணக்கு. ஆன நேரத்துக்குக் காசு. எதிர்பாராதது வந்தால் வாங்குகிறவர் தலையில். மீட்டர் போட்ட ஆட்டோவில் டிரைவருக்கு வழி தெரியாத மாதிரி, அவர் சுற்றச் சுற்ற நமக்கு வயிறு கலங்கும்.

மூன்று, தவணை தவணையாக. முதலில் சின்னதாகப் பேசிக் கேள்விகளைக் கண்டுபிடிக்க ஒரு விலை. அது முடிந்ததும் முதல் பாகத்துக்கு விலை. அது ஓடுவதைப் பார்த்துவிட்டு அடுத்த பாகம். பிடிக்காவிட்டால் அங்கேயே கைகுலுக்கிப் பிரியலாம். எதிர்பாராதது இரண்டு பேர் தலையிலும், ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாக.

நான் பெரியப்பாவிடம் கேட்டேன். "தறியில பாவு ஏத்தினப்புறம் வாங்கறவங்க கலர மாத்தினா என்ன பண்ணுவீங்க?"

"அந்தப் பாவுக்குக் காசு வாங்கிடுவேன். சும்மாவா?"

"சரி. மழைக்காலத்துல குழித்தறியில தண்ணி நின்னு நாலு நாள் நெய்ய முடியல. இல்ல, இழை அறுந்து அறுந்து ஒரு நாள் முழுக்க முடிச்சுப் போட்டே போயிடுது. அந்த நாளுக்கு?"

"அதுக்கு இன்னா பண்றது? கூலி சேலைக்குத்தான். நாளுக்கு இல்லியே."

சொல்லிவிட்டு அவரே வெற்றிலையைக் கீழே வைத்தார். ரொம்ப நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய தறிக்காரர்கள் அத்தனை பேரும் ஃபிக்ஸட் பிரைஸில் இருப்பவர்கள். மழை அவர்கள் தலையில். இழை அறுவது அவர்கள் தலையில். அவர் கெட்டவர் இல்லை. அவர் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். எதிர்பாராதது என்பது தண்ணீர் மாதிரி. எது பள்ளமோ அங்கே போய் நிற்கும்.

* * *

அந்த 15,000 பையனைப் பார்த்தேன். காலேஜ் முடித்து இரண்டு வருஷம். நல்ல கெட்டிக்காரன். "எப்படிப்பா பதினஞ்சாயிரம்னு கணக்குப் போட்ட?" என்றேன்.

"கணக்கெல்லாம் போடலண்ணா. இருபது சொன்னா போயிடுவாருன்னு தோணுச்சு."

ஆபீஸ் போகும் இளைஞர்களே, சாயங்காலம் 'சைடுல' வெப்சைட் செய்து கொடுப்பவர்களே, இதுதான் நம் நாட்டில் நிறைய எஸ்டிமேட்டுகளின் சூத்திரம். பயத்தை ரூபாயில் எழுதுவது.

அவனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீங்களும் போடுங்கள். மாசம் கையில் 40,000 நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறான். லேப்டாப் தேய்மானம், நெட், கரண்ட், போக்குவரத்து, காய்ச்சல் வந்து படுக்கும் நாட்கள், இதற்கெல்லாம் 15,000. ஆக 55,000. மாசம் 22 நாள், நாளைக்கு 8 மணி, மொத்தம் 176 மணி நேரம். ஆனால் இத்தனையும் காசாகாது. வேலை தேடுவது, கொட்டேஷன் எழுதுவது, போனில் 'லோகோவக் கொஞ்சம் பெருசாக்குங்க' கேட்பது, பணத்துக்கு நடையாக நடப்பது என்று போனது போக 110 மணி மிஞ்சினால் பெரிசு. 55,000-ஐ 110-ஆல் வகுத்தால் மணிக்கு 500.

அதாவது 500-க்குக் கீழே போனால் கையை விட்டுப் போகிறது. 15,000 என்றால் 30 மணி நேரம். பெரியப்பாவின் பட்டியலில் கலர் பொறுக்கும் பக்கத்துக்கே அது காணாது.

பையன் முகம் மாறிவிட்டது. "அப்ப போன மூணு வேலையும் நஷ்டத்துலதான் பண்ணேனாண்ணா?"

"நஷ்டம்னு ஏன் சொல்ற? உங்கப்பா ஸ்பான்சர் பண்ணினார்னு சொல்லு."

சிரித்தான். முழுசாகச் சிரிக்கவில்லை.

இதே 500-ஐ மற்ற இரண்டு விலைக்கும் வைத்துப் பாருங்கள். அந்த அம்மாளின் 20,000 என்பது 40 மணி நேரம். பத்து நாள், நாளைக்கு நாலு மணி. சரியாக இருக்கிறது. 1,80,000 என்பது 360 மணி. ஓர் ஆளுக்கு மூணு மாசத்துக்குக் கொஞ்சம் கூட. பட்டியலைப் பார்த்தால் அதுவும் கொள்ளை இல்லை. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 32,400. அது கம்பெனிக்குப் போகாது, சர்க்காருக்கு. சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சின்ன ஆசாமிகள் ஜி.எஸ்.டி. பதிவு செய்யத் தேவையில்லை என்பதால் பையன் பில்லில் அது இல்லை. கொட்டேஷன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இதைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

* * *

2021 ஜூன் 7 அன்று புது வருமான வரி வெப்சைட்டைத் திறந்துவைத்தார்கள். திறந்தது, ஆனால் பலருக்குத் திறக்கவில்லை. திட்டத்தின் தொகை 4,242 கோடி ரூபாய், செய்தது இன்ஃபோசிஸ் என்றதும் நாட்டில் ஒவ்வொரு டீக்கடையிலும் ஒரே கேள்வி. "ஒரு வெப்சைட்டுக்கு நாலாயிரம் கோடியா?" அந்த ஆகஸ்டில் நிதியமைச்சர் கம்பெனியின் தலைமை அதிகாரியைக் கூப்பிட்டே விளக்கம் கேட்டார்.

பார்லிமென்ட்டில் சர்க்கார் சொன்ன பதிலைப் படித்தால் சுவாரஸ்யம். அந்தத் தொகை எட்டரை வருஷத்துக்கு. அதற்குள் ஜி.எஸ்.டி., வாடகை, தபால் செலவு, நிர்வாகம் எல்லாம் அடக்கம். 2019 ஜனவரியிலிருந்து 2021 ஜூன் வரை நிஜமாகக் கொடுத்தது 164.5 கோடி. கொடுத்த முறை, திறந்த டெண்டரில் குறைந்த விலை சொன்னவருக்கு.

தடுமாறியதை நான் நியாயப்படுத்தவில்லை. ஜூலையில் ரிட்டர்ன் போட உட்கார்ந்து திட்டியவர்களில் நானும் ஒருவன். சொல்ல வருவது, வெப்சைட்டின் விலை என்று நாம் நினைப்பது திறப்பு விழா வரைக்கும் ஆகும் செலவு. நிஜ விலை அதற்கப்புறம் ஓட்டும் வருஷங்களில் இருக்கிறது. ஒரு சாஃப்ட்வேரின் ஆயுள் செலவில் பாதிக்கு மேல் அதைப் பராமரிப்பதில்தான் போகும். கல்யாணச் செலவு மட்டும் பார்த்துவிட்டுக் குடித்தனச் செலவை யோசிக்காத மாப்பிள்ளை மாதிரி இருக்கக் கூடாது. வருஷத்துக்கு விலையில் 15, 20 சதவீதம் பராமரிப்பு என்று கேட்பது தொழிலில் வழக்கம். கொட்டேஷனில் அந்த வரி இல்லாவிட்டால் இலவசம் என்று அர்த்தம் இல்லை. பிற்பாடு பேசிக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

இன்னொரு விஷயம், காசு கொடுத்த நிறையப் பேருக்குத் தெரியாதது. காசு கொடுத்து எழுதி வாங்கிய புரோகிராம் உங்களுடையதா? 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி கம்ப்யூட்டர் புரோகிராம் இலக்கியப் படைப்பு. சிரிக்காதீர்கள், நிஜம். சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் வேலையின் பகுதியாக எழுதினால் அது முதலாளிக்குச் சொந்தம். ஆனால் வெளி ஆளிடம் கான்ட்ராக்டில் எழுதி வாங்கினால், உரிமையை எழுத்தில் மாற்றிக் கொடுத்தால் ஒழிய எழுதினவருக்கே சொந்தம். அப்படி மாற்றும்போதும் எத்தனை காலத்துக்கு என்று போடாவிட்டால் அஞ்சு வருஷம், எந்த ஊருக்கு என்று போடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். ஆகவே 'முழு உரிமை, என்றைக்கும், உலகம் முழுவதும்' என்ற ஒரு வரிக்கு நல்ல மதிப்பு உண்டு. கொடுக்கிறவர் அதற்கு விலை கேட்கலாம், வாங்குகிறவர் அதைக் கேட்டு வாங்க வேண்டும். கூடவே, வெப்சைட்டின் பெயரான டொமைன் உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில் பதிவாக வேண்டும். செய்கிறவன் பெயரில் இருந்தால், கடைக்குப் பெயர்ப் பலகையை வாடகைக்கு எடுத்த மாதிரி.

* * *

பெரியப்பா என்ன செய்தார் என்று கேட்பீர்கள். 20,000 கொடுத்துப் பேசினார். முனகிக்கொண்டேதான். பத்து நாள் பேசியதில், பட்டியலில் பாதி காணாமல் போயிற்று. தறியில் எவ்வளவு நெய்திருக்கிறது என்று தினமும் திரையில் காட்ட வேண்டாம், வாரம் ஒரு தடவை தறியில் எடுத்த போட்டோ அனுப்பினாலே வாங்குகிறவர்கள் குளிர்ந்துபோவார்கள் என்று தெரிந்தது. கலர் ஜோடிகளை அறுபதோடு நிறுத்தினார். மிச்சத்துக்கு 220 மணி, 1,10,000, மூன்று தவணை. பேசியதோடு சேர்த்து 1,30,000. பையனின் விலையைவிட ரொம்ப அதிகம். ஆனால் அந்த விலையில் என்னென்ன இல்லை என்று எழுதியே கொடுத்திருந்தார் அந்த அம்மாள். நான் பார்த்த கொட்டேஷன்களிலேயே அழகான பக்கம் அதுதான்.

பேச்சின் நடுவில் அந்த அம்மாள் கேட்ட ஒரு கேள்வி: "ஆர்டர் பாதியில மாறினா, தறிக்காரருக்கு என்ன கணக்கு போடணும் சார்? கூலிக் கணக்குல ஒரு கட்டம் வேணும்." பெரியப்பா ஒரு நாள் அவகாசம் கேட்டிருக்கிறார். மறுநாள், வாங்குகிறவர் கட்டும் மாற்றுச் செலவில் தறிக்காரருக்கு ஒரு பங்கு என்று சொல்லியிருக்கிறார். இப்போது அந்தக் கட்டம் திரையில் இருக்கிறது. மழைக்கு இன்னும் கட்டம் இல்லை.

அந்தப் பையனுக்கு வருவோம். அடுத்த கொட்டேஷனை அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டினான். மொத்தத் தொகையின் கீழே மூன்று தலைப்பு. இதில் அடங்கியது, அடங்காதது, மாறினால் மணிக்கு இவ்வளவு. தொகை 48,000. "இத்தனை சொன்னா ஓடிடுவாங்களாண்ணா?" என்றான். சில பேர் ஓடத்தான் செய்வார்கள். ஓடுகிறவர்கள் எப்படியும் பாதியில் ஓடுகிறவர்கள்தான். முன்னாலேயே ஓடினால் நமக்கு 30 மணி நேரம் மிச்சம்.

வாங்குகிறவராக இருந்தாலும் விற்கிறவராக இருந்தாலும் விலையைக் கடைசியில் பாருங்கள். அதற்கு முன், இந்தத் தொகை எப்படி வந்தது என்று கேளுங்கள். பதில் சொல்ல முடிகிறவரோடு பேரம் பேசலாம். "போட்டுத் தர்றேன் சார், பாத்துக்கலாம்" என்கிறவரோடு டீ சாப்பிடலாம், அவ்வளவுதான்.

உத்திரமேரூர்க்காரர்கள் இதையும் அப்போதே வெட்டி வைத்துவிட்டார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாதாம். அவன் மட்டுமில்லை, சொந்தக்காரன் பெயரையும். கொட்டேஷன்களுக்குச் சொந்தக்காரன் வரை போக வேண்டாம். கணக்குக் காட்டாத ஓலையைக் குடத்தில் போடாமல் இருந்தாலே போதும்.